ஊர்த்திடலில் பெரிய நிகழ்ச்சி: அனுமதிக்கு முன்பே தெருக்காரர்கள் செய்ய வேண்டியவை

அத்திப்பட்டு, அத்திப்பட்டு புதுநகர், நந்தியம்பாக்கம், வல்லூர் பக்கம் ஒரே திடல் பத்து வேலைக்குப் பயன்படுகிறது. விடிந்ததும் பெரியவர்கள் நடக்கிறார்கள், பள்ளி விட்டதும் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். ஆடியில் அங்கேதான் கூழ் வார்க்கிறோம், ஆவணியில் பிள்ளையார் வைக்கிறோம். தேர்தல் வந்தால் பொதுக்கூட்டம், பொங்கலுக்கு விளையாட்டுப் போட்டி, நடுவில் ஆடல் பாடல், எப்போதாவது ராட்டினத்தோடு வந்து டேரா போடும் பொருட்காட்சி.

இவற்றில் எதுவும் வேண்டாம் என்று சொல்லும் குடும்பம் இங்கே அரிது. நிகழ்ச்சி நடத்துகிறவர்களும் பெரும்பாலும் நம் தெருப் பிள்ளைகளே. மக்கள் கேட்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ராத்திரி எத்தனை மணிக்கு மைக் நிற்கும்? வண்டியை எங்கே விடுவார்கள்? கழிப்பறை உண்டா? யாருக்காவது நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் உள்ளே வருமா? மறுநாள் குப்பையை யார் அள்ளுவார்கள்?

இந்தக் கேள்விகளை நிகழ்ச்சி நடக்கும் ராத்திரி கேட்டால் பதில் வராது, சண்டைதான் வரும். பந்தல் போட்டு, முன்பணம் கொடுத்து, ஆள் கூடிய பிறகு எந்த அதிகாரியும் நிகழ்ச்சியை நிறுத்தத் தயங்குவார். நிறுத்தினால் கூட்டம் கொதிக்கும் என்ற அவருடைய பயத்திலும் நியாயம் இருக்கிறது. அமைப்பாளர் அனுமதி கேட்டு மனு கொடுக்கும் நாளுக்கும் அனுமதி கையெழுத்தாகும் நாளுக்கும் நடுவே இருக்கும் அந்தச் சில நாட்கள்தான் குடியிருப்பவர்களின் காலம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

நம் ஊருக்கென்று உள்ள கவலைகள்

சென்னை அண்ணா நகரிலோ மயிலாப்பூரிலோ எழுதப்பட்ட நிபந்தனைகளை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பாதிதான் பொருந்தும். நம் ஊரின் நிலைமை வேறு.

முதலில் ஷிஃப்ட். வட சென்னை அனல்மின் நிலையம், வல்லூர் அனல்மின் நிலையம், காமராஜர் துறைமுகம், எண்ணெய் நிறுவனங்களின் சேமிப்பு முனையங்கள், கண்டெய்னர் யார்டுகள் என்று 24 மணி நேரமும் வேலை ஓடுகிற இடம் இது. இரவு ஷிஃப்ட் முடித்துக் காலையில் வீடு திரும்புகிறவருக்குப் பகல்தான் ராத்திரி. சட்டமோ காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை எல்லாவற்றையும் பகல் என்றே கணக்கு வைக்கிறது. காலை 9 மணிக்கு மைக் டெஸ்டிங் தொடங்கினால் அது விதிமீறல் ஆகாது. ஆனால் தூக்கம் கெட்டவர் அன்று மாலையே கிரேனில் ஏறுகிறார், டிரெய்லர் ஓட்டுகிறார். அதனால் இதைச் சட்டமாக நினைத்து வாதாடாமல், நிபந்தனையாகக் கேட்டு வாங்க வேண்டும். வேலை நாட்களில் காலை 8 மணி முதல் பகல் 2 மணி வரை ஒலிபெருக்கி வேண்டாம் என்று கேளுங்கள். அமைப்பாளர் வீட்டிலும் ஒரு ஷிஃப்ட்காரர் இருப்பார், இதைக் கேட்டால் புரிந்துகொள்வார்.

வாடகை அறைகளில் நாலு பேர், ஆறு பேராகத் தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்களையும் மறந்துவிடக் கூடாது. அவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை, மனுவில் கையெழுத்துப் போடத் தயங்குவார்கள். அவர்களுக்கும் இதே தூக்கம், இதே கூரை. வீட்டுக்காரர் அவர்களுக்காகவும் பேச வேண்டும்.

அடுத்தது சாலை. திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையில் லாரி வரிசை நின்றால் என்ன ஆகும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒருபக்கம் டிரெய்லர்கள், இன்னொருபக்கம் சென்னை–கும்மிடிப்பூண்டி ரயில் பாதை. கேட் மூடியிருக்கும் நேரத்தில் நிகழ்ச்சிக்கு வந்தவர்களின் பைக்குகள் தெருமுனையை அடைத்திருந்தால், 108 வண்டி வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டே நிற்கும். சில நூறு பேர் கூடும் நிகழ்ச்சிகூட இங்கே வழியை அடைத்துவிடும்.

மூன்றாவதை இந்தப் பகுதியில் எந்த மனுவிலும் எழுதாமல் விடாதீர்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மூச்சு முட்டி எழுந்து தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்த நேரத்தில் ஒரு திடலில் 3,000 பேர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைரன் கேட்டிருக்குமா? எந்தப் பக்கம் ஓடுவது என்று யார் சொல்லியிருப்பார்கள்? அபாயகரமான வேதிப்பொருட்கள் குறித்த 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி, பேரபாயம் உள்ள ஆலைகளுக்கு வெளியே என்ன செய்வது என்ற அவசரகாலத் திட்டம் மாவட்ட நிர்வாகத்திடம் இருக்க வேண்டும். நிகழ்ச்சி நடக்கும் இடம் அந்தத் திட்டத்தின் எல்லைக்குள் வருகிறதா, வந்தால் கூட்டத்தை எந்த வழியாக வெளியேற்றுவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். மேடையில் பாட்டை நிறுத்தி அறிவிப்புச் செய்ய ஒருவரைப் பொறுப்பாக்கச் சொல்லுங்கள். சேமிப்பு முனையங்களுக்குப் பக்கத்தில் வாணவேடிக்கை, சரவெடி இரண்டும் வேண்டவே வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

திடலை அளந்து பாருங்கள்

"எவ்வளவு பேர் வருவாங்க?" என்று கேட்டால் அமைப்பாளர் சொல்லும் எண் ஆசையில் வருவது. காவல் நிலையத்தில் சொல்லும் எண் அதைவிடக் குறைவாக இருக்கும். உண்மையான எண் இரண்டுக்கும் சம்பந்தமில்லாமல் இருக்கலாம்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுசாமிபுரத்தில் தமிழக வெற்றிக் கழகத்தின் பிரசாரக் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். அனுமதி கேட்டபோது சொல்லப்பட்டது 10,000 பேர் என்றும், வந்தவர்கள் சுமார் 27,000 பேர் என்றும் அப்போது பொறுப்பு டிஜிபியாக இருந்தவர் கூறினார். யார் பொறுப்பு என்பதை விசாரிக்கும் வேலை உச்ச நீதிமன்ற உத்தரவால் சிபிஐயிடம் போனது. அதைத் தீர்ப்பது நம் வேலை அல்ல. ஒரு சாலைக்குள் எத்தனை பேர் நிற்க முடியும் என்ற கணக்கை முன்கூட்டியே போட வேண்டும் என்பதே நமக்கு வேண்டியது. அதற்கு ஓராண்டு முன், 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமானப்படையின் வான் சாகசம் பார்க்கப் போன 5 பேர் இறந்தார்கள். அங்கே வெயில் வாட்டியது, திரும்பும் வழியில் சாலையும் ரயில் நிலையங்களும் திணறின. கடற்கரை போன்ற பரந்த இடத்திலும் உயிர் போகிறது.

கணக்குப் போடுவது கடினமல்ல. ஒரு டேப், ஒரு சுண்ணாம்புப் பொட்டலம் போதும். திடலின் நீளம் 60 மீட்டர், அகலம் 40 மீட்டர் என்றால் மொத்தம் 2,400 சதுர மீட்டர். மேடை, மேடைக்கு முன் தடுப்பு, மைக்செட்டுக்காரரின் இடம், ஜெனரேட்டர், பஜ்ஜிக் கடைகள் எல்லாவற்றுக்கும் 600 போகும். ஆம்புலன்ஸ் வரும் வழிக்கும் நடைபாதைக்கும் 400 விடுங்கள். மீதி 1,400. ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் என்றால் 2,800 பேர் ஓரளவு வசதியாக நிற்கலாம். நாற்காலி போட்டால் அதில் பாதி. ஒரு சதுர மீட்டரில் 5 பேருக்கு மேல் போனால் யாரும் தன் விருப்பத்துக்கு நகர முடியாது. பின்னால் ஒருவர் தள்ளினால் முன்வரிசையில் மூச்சு முட்டும்.

இதைக் காகிதத்தில் சொல்வதைவிடத் தரையில் காட்டுவது நல்லது. அமைப்பாளர்களோடு பேசும் அன்று திடலிலேயே கூடுங்கள். மூன்றேகால் அடிக்கு மூன்றேகால் அடி ஒரு கட்டம் சுண்ணாம்பால் போடுங்கள். முதலில் இரண்டு பேரை நிற்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று, நாலு, ஐந்து. ஐந்தாவது ஆள் ஏறும்போது முன்னால் நிற்பவர் தன் கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்க முடியாமல் சிரிப்பார். அந்தச் சிரிப்பு அடங்கியதும், ஒரு மூன்று வயதுக் குழந்தை அந்தக் கட்டத்துக்குள் நிற்பதாக நினைத்துப் பாருங்கள் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகு "இடம் இருக்கு, பாத்துக்கலாம்" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.

வெளியேறும் வழியையும் இப்படியே அளக்க வேண்டும். பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளுக்கான பாதுகாப்புக் கையேடு, சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேர் வெளியேறலாம் என்று கணக்கு வைக்கிறது. நம் திடலுக்கு 3 மீட்டர் அகலத்தில் ஒரே ஒரு வாசல் என்றால் 2,800 பேர் வெளியே வர 11 நிமிடங்களுக்கு மேல் ஆகும். அதுவும் யாரும் விழாமல், வாசலில் ஐஸ் வண்டி நிற்காமல் இருந்தால். ஆகவே இரண்டாவது வாசல் வேண்டும். சுற்றுச்சுவர் இருந்தால் ஒரு பகுதியில் தகரத்தடுப்பைக் கழற்றக்கூடியதாக வைக்கச் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினர் வரும் வழியும் மக்கள் வெளியேறும் வழியும் ஒன்றாக இருக்கவே கூடாது. விருந்தினர் தாமதமாக வரும்போது கூட்டம் முன்னோக்கி அடர்ந்துகொண்டே போகும். அறிவித்த நேரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் என்ன செய்வார்கள், தண்ணீர் எங்கே என்பதையும் கேட்டு வாங்குங்கள்.

சத்தம்: 75 என்ற எண்ணை நம்பி ஏமாறாதீர்கள்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ஆம் ஆண்டு வந்தவை. எழுத்துமூல அனுமதி இல்லாமல் பொது இடத்தில் ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. அனுமதி தரும் அதிகாரி என்று விதி சொல்வது மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர், டிஎஸ்பி பதவிக்குக் குறையாதவர் போன்றோரை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். இந்தத் தளர்வைத் தரும் உரிமை அரசுக்குத்தான், விழாக் குழுவுக்கோ ஊர்ப் பெரியவர்களுக்கோ இல்லை. ஆடி மாதம் விடியற்காலை 4 மணிக்கே அம்மன் பாட்டைப் போடுவது காலங்காலமாக நடக்கிறது என்றாலும் விதிக்குள் வராது. 6 மணிக்குத் தொடங்குங்கள் என்று பக்குவமாகச் சொன்னால் பெரும்பாலான கோயில்களில் கேட்டுக்கொள்கிறார்கள்.

அளவு விஷயத்தில் ஒரு குழப்பம் எல்லா இடத்திலும் இருக்கிறது. "75 டெசிபல் வரை போகலாம்" என்று மைக்செட்டுக்காரர் சொல்வார், காவலரும் சொல்வார். விதியில் இருப்பது வேறு. பொது இடத்தின் எல்லையில் ஒலி அளவு, அந்தப் பகுதிக்கான அளவைவிட 10 டெசிபல் கூடுதலாகவோ, 75 டெசிபலாகவோ, இரண்டில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் அளவு 55. ஆக எல்லை 65 தான். வணிகப் பகுதிக்கு 65 என்பதால் எல்லை 75. தொழிற்பகுதிக்கும் அளவே 75 என்பதால் அங்கேயும் 75. பத்து டெசிபல் என்பது சின்ன வித்தியாசம் அல்ல, ஒலியின் ஆற்றலில் பத்து மடங்கு.

அத்திப்பட்டு பக்கம் இது வெறும் கணக்கல்ல. சுற்றிலும் ஆலைகள் இருப்பதால் "இது தொழிற்பேட்டை ஏரியாதானே" என்று ஒரே வார்த்தையில் நம்மை 75-க்குத் தள்ளிவிடுவார்கள். எந்தப் பகுதி எந்த வகை என்பதை முடிவு செய்வது அரசின் வேலை. கலப்பாக உள்ள இடத்துக்கும் தகுந்த அதிகாரிதான் வகையைத் தீர்மானிக்க வேண்டும். ஆகவே மனுவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்: திடலைச் சுற்றி இத்தனை வீடுகள், இந்தத் தெருக்கள், வீட்டுவரி ரசீது நகல்கள் இணைப்பு, இது குடியிருப்புப் பகுதி. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத பகுதியை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்தின் அளவு பகலில் 50, இரவில் 40. திடலுக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையமோ பள்ளியோ இருந்தால் அதையும் தூரத்தோடு குறிப்பிடுங்கள்.

மனு எழுதி எழுதித்தான் வெல்ல முடியும் என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகர் குடியிருப்போர், ஒரு சபையின் வழிபாட்டுக் கூடத்திலிருந்து ஒலிபெருக்கியும் டிரம்ஸும் எழுப்பிய சத்தம் தாங்காமல் 1996-ல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதினார்கள். வாரியம் காவல்துறைக்கு எழுதியது. நடவடிக்கை போதவில்லை என்று குடியிருப்போர் நலச் சங்கம் உயர் நீதிமன்றம் போனது. சத்தம் சாலை வண்டிகளால் வருகிறது, எங்களால் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. கடைசியில் உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்ட் 30 அன்று தீர்ப்புச் சொன்னது: பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை. முதியவர்கள், நோயாளிகள், படிக்கும் பிள்ளைகள், கைக்குழந்தைகள் ஆகியோரின் உரிமையை நீதிமன்றம் பெயர் சொல்லியே கணக்கில் எடுத்துக்கொண்டது. அந்தத் தீர்ப்பு எல்லா மதத்துக்கும் எல்லாக் கட்சிக்கும் பொருந்தும். அதை ஒரு மதத்துக்கு எதிரான ஆயுதமாக எடுக்கிறவர்கள் அதைப் படிக்காதவர்கள்.

அந்தக் குடியிருப்போர் எடுத்த முதல் படி என் மனதில் நிற்கிறது. அவர்கள் அளவிடும் பொறுப்புள்ள வாரியத்திடம் போனார்கள். "சாலையில் வண்டி சத்தம்தான்" என்ற வாதத்துக்கு எதிராக நம் வார்த்தை நிற்காது, அளவு நிற்கும். நம் பகுதிக்கு கும்மிடிப்பூண்டியில் வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகம் இருக்கிறது. கைபேசிச் செயலியில் காட்டும் டெசிபல் எண் சட்டத்துக்கு முன் ஆதாரம் ஆகாது. ஆனாலும் நாள், நேரம், நின்ற இடம் மூன்றையும் சேர்த்துக் குறித்து வைத்தால், அதிகாரி வந்து அளக்க அது போதுமான காரணம் ஆகும். லாரி ஓடும் சாதாரண ராத்திரி ஒன்றின் அளவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட அது வேண்டும்.

யாரிடம், எந்த வரிசையில்

முதலில் திடல் யாருடையது என்று பாருங்கள். கிராம நத்தமா, மேய்க்கால் புறம்போக்கா, ஊராட்சியின் விளையாட்டுத் திடலா, பள்ளிக்கூட இடமா, ரயில்வே அல்லது துறைமுக நிலமா? கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டால் தெரிந்துவிடும். இடத்துக்கு உரியவர் ஒப்புதல் தராமல் காவல்துறை அனுமதி மட்டும் இருந்தால் அது பாதி அனுமதிதான்.

காவல்துறை எல்லையும் நம் பகுதியில் ஒரே சீராக இல்லை. 2022 ஜனவரி 1-ல் ஆவடி மாநகரக் காவல் ஆணையரகம் தொடங்கிய பிறகு மீஞ்சூர் பக்கம் அதன் கீழ் வருகிறது. கும்மிடிப்பூண்டி பக்கம் திருவள்ளூர் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ் இருக்கிறது. ஆணையரகப் பகுதி என்றால் காவல் நிலையத்துக்கு மேலே உதவி ஆணையர், மாவட்டப் பகுதி என்றால் டிஎஸ்பி. வருவாய்த் துறையில் பொன்னேரி சார் ஆட்சியர், ஊரக வளர்ச்சியில் மீஞ்சூர் வட்டார வளர்ச்சி அலுவலர். ஊராட்சித் தலைவர் பதவியில் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடம் கொடுக்க வேண்டும்.

என்னென்ன சான்றுகள் கேட்பது என்று தெரியாவிட்டால், விநாயகர் சிலை வைக்க 2018-ல் தமிழக அரசு போட்ட ஆணையை முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளுங்கள். இட உரிமையாளர் அல்லது உள்ளாட்சியின் ஒப்புதல், ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி, தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, மின்சாரம் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்பதற்கு மின்வாரியக் கடிதம் என நான்கும் இருந்தால்தான் சிலைக்கே அனுமதி. பத்தடிச் சிலைக்கு வேண்டிய நான்கு தாள், ஆயிரக்கணக்கானவர் கூடும் நிகழ்ச்சிக்கு வேண்டாமா என்று கேட்டால் மறுப்பதற்கு எந்த அதிகாரிக்கும் காரணம் கிடைக்காது.

குப்பைக்கும் விதி உண்டு. திடக்கழிவு மேலாண்மை விதிகள், 100 பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாட்களுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும், குப்பையைப் பிரித்து ஒப்படைப்பது அமைப்பாளரின் பொறுப்பு என்று சொல்கின்றன. இதை அறிந்த அமைப்பாளர் குறைவு. கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள்.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். இந்த மாதிரியை உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்:

அனுப்புநர்: (தெருப் பெயர்) குடியிருப்போர், அத்திப்பட்டு.
பெறுநர்: காவல் ஆய்வாளர் அவர்கள், (காவல் நிலையம்).
நகல்: உதவி ஆணையர் / டிஎஸ்பி, சார் ஆட்சியர், பொன்னேரி, வட்டார வளர்ச்சி அலுவலர், மீஞ்சூர், ஊராட்சி மன்றம்.
பொருள்: (தேதி) அன்று (இடம்) திடலில் நடக்கவுள்ள நிகழ்ச்சிக்கு நிபந்தனைகள் விதிக்க வேண்டுதல் தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம். மேற்படி நிகழ்ச்சிக்கு நாங்கள் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. திடலைச் சுற்றி (எண்) வீடுகள் உள்ளன. இது குடியிருப்புப் பகுதி. வீட்டுவரி ரசீது நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன. திடலின் அளவு, வாசல்களின் அகலம் காட்டும் வரைபடமும் இணைப்பில் உள்ளது. எங்கள் கணக்குப்படி (எண்) பேருக்கு மேல் இங்கே பாதுகாப்பாக நிற்க இயலாது. எனவே (1) அனுமதிக்கும் ஆள் எண்ணிக்கையைக் குறிப்பிட்டும், (2) ஒலிபெருக்கி பெட்டி வடிவில் மட்டும், இரவு 10 மணிக்குள் முடியுமாறும், (3) (தெரு) வழியை ஆம்புலன்ஸுக்காகக் காலியாக வைத்தும், (4) பெண்களுக்குத் தனிக் கழிப்பறை அமைத்தும், (5) அவசரகால அறிவிப்புக்கு ஒருவரைப் பொறுப்பாக்கியும் நிபந்தனை விதிக்குமாறும், அனுமதி ஆணையின் நகலை எங்களுக்கு வழங்குமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

"ஆட்சேபம் இல்லை" என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். அது இருந்தால் ஆய்வாளர் உங்களை எதிர்க்கட்சியாகப் பார்க்க மாட்டார். இரண்டு படி எடுத்துக்கொண்டு போய், ஒன்றில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கி வாருங்கள். முத்திரை தர மறுத்தால் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். கையெழுத்துகளில் பெண்கள் பெயர் முன்னால் இருக்கட்டும். கழிப்பறை இல்லாத கூட்டம் முடிந்த மறுநாள் வீட்டுச் சந்தைக் கழுவி விடுவது யார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அமைப்பாளரோடு பேச்சு

மனு கொடுப்பதற்கு முந்திய நாளே அமைப்பாளரைப் பார்த்துவிடுங்கள். பின்னால் தெரிந்தால் "நம்ம மேலயே பெட்டிஷன் போட்டாங்க" என்ற வருத்தம் வருஷக்கணக்கில் போகாது. மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர், ஒரு பெண் என மூன்று பேர் போனால் போதும். பேச்சு இப்படித் தொடங்கலாம்:

"தம்பி, நீங்க நல்லா நடத்துங்க. நாங்களும் வருவோம். ஒரே ஒரு விஷயம், எங்க சந்துல வண்டி விடாம பாத்துக்கணும். மூணாவது வீட்டுல டயாலிசிஸ் பேஷண்ட் இருக்காங்க."

"அக்கா, நாங்க சொன்னா யாரு கேக்கறாங்க? வெளியூர்லேர்ந்து வர்ற பசங்க."

"அதான் தம்பி, சந்து முனையில ரெண்டு பசங்கள நாங்க நிறுத்தறோம், நீங்க ரெண்டு பேரு குடுங்க. கயிறு கட்டிடலாம்."

பொறுப்பைப் பாதி எடுத்துக்கொண்டால் மறுபாதியைக் கேட்டு வாங்குவது எளிது. எல்லாம் பேசி முடித்ததும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். மைக்செட்டுக்காரரின் பெயரும் கைபேசி எண்ணும் அதில் இருக்கட்டும். ராத்திரி 10 மணிக்குச் சத்தத்தைக் குறைக்கிற கை அவருடையது.

பேனர், கட்டவுட் பேச்சும் அன்றே முடிய வேண்டும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் ஸ்கூட்டரில் போன ஓர் இளம் பெண் பொறியாளர் மேல் விழுந்தது, பின்னால் வந்த லாரி ஏறி அவர் இறந்தார். நம் சாலையில் ஓடுவதெல்லாம் லாரிதான். சாலையோரத்தில் பேனர் வேண்டாம், திடலுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை கேட்க வேண்டியது மூன்று. தற்காலிக இணைப்பு வாங்கியிருக்கிறார்களா, கொக்கி போடுகிறார்களா? சீரியல் செட் ஒயர் தரையில் மிதிபடாமல் போகிறதா? தேர், சப்பரம், மேடைத் தூண், கிரேன் எதுவாவது மேலே போகும் ஒயரைத் தொடுமா? 2022 ஏப்ரல் 27 அதிகாலை தஞ்சாவூர் களிமேட்டில் தேர் உயர் அழுத்தக் கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். 2023 ஜனவரியில் அரக்கோணத்தை அடுத்த கீழ்வீதியில் திருவிழாவுக்குக் கொண்டுவந்த கிரேன் சாய்ந்து உயிர்ப்பலி ஆனது. கிரேனில் ஆளைத் தொங்கவிட்டு மாலை போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அன்றைக்கு

மாலையில் ஒருமுறை திடலைச் சுற்றி நடந்து, இரண்டு வாசலும் திறந்திருக்கிறதா, ஆம்புலன்ஸ் வழி காலியா என்று பார்த்து, கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். குறை இருந்தால் முதலில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவரிடம், பிறகு பணியில் உள்ள காவலரிடம் சொல்லுங்கள். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் தொடர்ந்தால் 112-க்கு அழைத்து, புகாரைப் பதிந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மேடைக்குப் போய் ஒயரைப் பிடுங்குகிற வேலையை யாரும் செய்யக் கூடாது. திடீரென்று இருட்டாகும் கூட்டம் நெரிசலுக்கு ஒரு படி முன்னால் நிற்கிறது.

கூட்டம் அளவு மீறுவதாகத் தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். தோளோடு தோள் இடித்து நிற்கிறார்கள், கூட்டம் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்து திரும்புகிறது, முன்வரிசையிலிருந்து குழந்தைகளைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்றால் அது ஆபத்தின் அடையாளம். பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், விளக்கை எரியவிடச் சொல்லுங்கள், பின்னால் இருப்பவர்களை முதலில் வெளியேறச் சொல்லி அறிவிக்கச் சொல்லுங்கள். திடலை ஒட்டிய வீட்டுக்காரர்கள் வாசல் கேட்டைத் திறந்து வைத்தால் அதுவே ஒரு வெளியேறும் வழி. இதை முன்கூட்டியே நாலு வீட்டில் பேசி வையுங்கள்.

மறுநாளும் அடுத்த கிராம சபையும்

மறுநாள் காலை அமைப்பாளரை அழைத்துத் திடலை ஒன்றாகப் பாருங்கள். பந்தல் கால் நட்ட குழிகள் மூடியிருக்க வேண்டும். அதில் கால் மாட்டிக்கொள்வது கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள். நன்றாக நடந்திருந்தால் அதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். நன்றாக நடக்கவில்லை என்றால், அனுமதி ஆணையின் நகலையும் விதித்த நிபந்தனைகளையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டிக் கேளுங்கள். 30 நாட்களில் பதில் வர வேண்டும். திரும்பத் திரும்பத் தொல்லை தருகிற இடமாக இருந்தால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவின்கீழ் பொதுத்தொல்லையை நீக்க ஆணையிடும்படி சார் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம். பழைய சட்டத்தில் இது 133-ஆவது பிரிவு.

ஒவ்வொரு முறையும் புதிதாகப் போராடாமல் இருக்க, திடலுக்கே நிலையான விதிமுறை வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வரும் சபையில் இந்தத் தீர்மானத்தை முன்மொழியுங்கள்: திடலில் நிகழ்ச்சி நடத்துவோர் 15 நாட்களுக்கு முன் ஊராட்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அந்தத் தகவலை ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட வேண்டும், திடலின் அதிகபட்சக் கொள்ளளவை எழுதி வாசலில் பலகை வைக்க வேண்டும், துப்புரவுக்கும் சேதத்துக்கும் திருப்பித் தரத்தக்க முன்பணம் வாங்க வேண்டும், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நாட்களில் ஒலிபெருக்கி நிகழ்ச்சிக்கு இடம் தரக் கூடாது, எந்தக் கட்சி, எந்தக் கோயில், எந்தச் சபை, எந்த மன்றம் என்றாலும் இதே விதி.

கடைசி வரியைச் சேர்க்காமல் தீர்மானம் நிறைவேற விடாதீர்கள். நிறைவேறியதும் தீர்மானப் பதிவேட்டில் எழுதியிருக்கிறதா என்று பார்த்து, தீர்மான எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் நகலைக் காவல் நிலையத்திலும் சார் ஆட்சியர் அலுவலகத்திலும் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.